காட்டுக்குள் இருக்கும் நிலவறைகள் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களே,

இரண்டு குளிர்காலமாக மேற்குக் காட்டில் என்ன தேடுகிறாய் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். உங்கள் தாத்தாக்கள் எல்லார் கண்ணெதிரேயும் மறைத்து வைத்த ஒன்றைத்தான் தேடுகிறேன்.

இரண்டாம் உலகப்போரில், 1940 கோடையில், பிரான்சின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பித் திரும்பிய பிறகு, ஜெர்மன்காரர்கள் எந்த நாளும் இங்கிலாந்துக் கரையில் இறங்கலாம் என்று இருந்த நேரத்தில், காலின் கபின்ஸ் என்ற ராணுவ அதிகாரியின் பொறுப்பில் ஆக்சிலியரி யூனிட்ஸ் என்ற ரகசியப் படை தொடங்கியது. விவசாயிகள், வேட்டைக்காடு காப்பவர்கள், திருட்டு வேட்டைக்காரர்கள்கூட அதில் இருந்தார்கள், ஏனென்றால் இருட்டில் தங்கள் காட்டை அறிந்தவர்கள் அவர்கள்தான். வெளியே பார்த்தால் ஹோம் கார்டு என்ற உள்ளூர்த் தன்னார்வக் காவல்படையின் சீருடை. எதிரி வந்துவிட்டால் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நாலைந்து பேராக நிலவறைக்குள் இறங்கிவிட வேண்டும், எதிரிப் படை தலைக்கு மேல் கடந்து போனபின் இரவில் ஏறிவந்து எரிபொருள் கிடங்கையும் ரயில் பாதையையும் தகர்க்க வேண்டும். இரண்டு வாரச் சாப்பாடுதான் உள்ளே இருந்தது. அதற்குமேல் உயிரோடு இருப்போம் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த அறைகள்தான் எனக்கு ஆச்சரியம். வளைந்த நெளித் தகரக் கூரை, படுக்கைப் பலகைகள், சருகு போட்டு மூடிய இறங்குவாசல், மறுபக்கம் தவழ்ந்து தப்பிக்க ஒரு சுரங்கம். சில இடங்களில் அடுப்புப் புகைபோக்கியை மரத்தண்டுக்குள் விட்டிருக்கிறார்கள்! பயிற்சி கோல்ஸ்ஹில் மாளிகையில். அங்கே போகிறவர்கள் முதலில் ஹைவொர்த் தபால் நிலையத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்த மேபல் ஸ்ட்ராங்க்ஸ் அம்மா ஆளைச் சரிபார்த்து போன் செய்தால்தான் அழைத்துப்போக வண்டி வரும்.

1944 நவம்பரில் படையைக் கலைத்தார்கள். அரசாங்க ரகசியச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்ததால் பெரும்பாலானோர் மனைவியிடமும் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆட்களின் பெயர்ப்பட்டியல் கிடைக்கிறது, ஆனால் எந்த மரத்தடியில் தோண்டினார்கள் என்பது பெரும்பாலும் எந்தத் தாளிலும் இல்லை. தகரமோ வருஷத்துக்கு வருஷம் துருப்பிடித்து உள்ளே விழுகிறது.

அதனால் கேட்கிறேன். பழைய மேசை இழுப்பறையில் 201, 202, 203 என்று எண்கள் போட்ட, அந்தப் படையின் சின்னக் கேடயச் சின்னம் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிலக்காரர்களே, உங்கள் அனுமதி இல்லாமல் கால் வைக்க மாட்டேன், இடத்தை வெளியே சொல்லவும் மாட்டேன். குழி தெரிந்தால் பிள்ளைகளை உள்ளே இறங்க விடாதீர்கள், கூரை எப்போது வேண்டுமானாலும் சரியும். உள்ளே பழைய பாட்டில்கள் இருந்தால் தொடவே வேண்டாம், பாஸ்பரஸ் தீக்குண்டாக இருக்கலாம், போலீசைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், எண்பது தாண்டியவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. சின்ன வயதில் "அந்தப் பக்கம் விளையாடப் போகாதே" என்று காரணம் சொல்லாமல் உங்களை விரட்டிய இடம் எது? அதைக் கைகாட்டினால் போதும், மண்வெட்டி இல்லாமல்தான் வருவேன்.