பாப்பாவின் தலையை மூன்று முறை அளந்த நர்ஸம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

பாப்பா வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்கிறாள். அதற்காகக் காகிதங்களைத் தேடியபோது பழைய தடுப்பூசி அட்டை கையில் கிடைத்தது. அதில் தலைச் சுற்றளவு எழுதியிருந்த இரண்டு வரியைப் பார்த்ததும் உங்களுக்கெல்லாம் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எங்கள் ஊர் நர்ஸம்மா, 10ஆவது வார ஊசியின்போது 40 செ.மீ. என்று எழுதினீர்கள். 14ஆவது வாரம் 44. டேப்பைப் பிரித்து மறுபடி அளந்தீர்கள், அப்புறம் மூன்றாவது முறையும். இந்த வயதில் மாதத்துக்கு 2 செ.மீ. அளவுக்குத்தான் தலை வளரும், இது கூடுதல் என்றீர்கள். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு கிளினிக்கில், தலை பெரிதாக இருப்பது குடும்ப வாகு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். உச்சிக்குழி புடைத்திருப்பதையும், கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவதையும் நீங்கள்தான் எங்களுக்குக் காட்டினீர்கள். "நாளைக்குப் போகலாம்னு வைக்காதம்மா" என்று சொல்லி, மதுரை பஸ் வரும்வரை கூடவே நின்றீர்கள்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனை டாக்டர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? மூளைக்குள் எந்நேரமும் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், அது இறங்கும் குறுகலான வழி பாப்பாவுக்குப் பிறவியிலேயே அடைபட்டிருக்கிறது என்று ஸ்கேனைக் காட்டி விளக்கினீர்கள். தேங்கிய நீரை வயிற்றுக்கு இறக்க ஷண்ட் வைத்தீர்கள். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வால்வு, அங்கிருந்து தோலுக்கு அடியில் வயிறு வரை ஒரு குழாய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே ஆபரேஷன் நடந்தது.

அதோடு இன்னொன்றும் செய்தீர்கள், டாக்டர். கிரகணத்தன்று நான் வாசலுக்கு வந்ததால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று வீட்டில் பேச்சு. நான் ஒன்றும் சொல்லாமலே அதை எப்படியோ புரிந்துகொண்டு, அத்தையைத் தனியாக உட்காரவைத்து, இது யார் செய்த தப்பும் இல்லை என்று படம் போட்டு விளக்கினீர்கள். பத்து நிமிடம் இருக்கும். அன்று ராத்திரி அத்தை என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு விடியவிடியப் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றுவரை அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

என் கணவர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர் என்று தெரிந்ததும் ஜான் ஹோல்டர் கதையைச் சொன்னீர்கள். அமெரிக்காவில் இயந்திரத் தொழிலாளியாக இருந்தவர், தன் மகன் கேஸிக்கு இதே நோய் என்பதால் 1956இல் தானே உட்கார்ந்து வால்வு செய்தவர். அந்தப் பிள்ளை அதிக நாள் இருக்கவில்லை. ஆனால் அவர் செய்த வால்வு எத்தனையோ பிள்ளைகளுக்குப் போனது. அதைக் கேட்டபிறகுதான் என் கணவர் சாப்பிடவே போனார்.

வார்டில் பக்கத்துக் கட்டில் அக்கா, உங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கை நிற்காது. வளர்ந்த பிள்ளைக்குக் குழாய் மாற்ற வந்திருந்தீர்கள். நாலாம் வகுப்பு படிக்கிறான், கணக்கில் கெட்டி என்றீர்கள். அவன் தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் என் விரலை வைத்து வால்வைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். மூளையில் நீர் என்றாலே பிள்ளை பிழைக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அப்போதுதான் முதல்முறையாக அழுதேன்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் போகவில்லை. குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்டில் பத்துக்கு நாலு இரண்டு வருடத்துக்குள் பழுதாகும், வாந்தியும் தூக்கமும் சேர்ந்து வந்தால் ஒரு நிமிடம் யோசிக்காதே என்று சொல்லிக் கொடுத்தீர்கள். பாப்பாவுக்கு ஒன்றேமுக்கால் வயதில் அதுதான் நடந்தது. அஜீரணம் என்று ஓரிடத்தில் சிரப் கொடுத்தார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு உங்களுக்குப் போன் செய்தேன். "கண்ணைத் திறந்து பார்க்கிறாளா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றதும் "போனை வை, 108ஐக் கூப்பிடு" என்றீர்கள். விடிவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் வந்த தம்பிகள் இரண்டு பேர், ரத்தம் கொடுக்க வந்து காலைவரை வராந்தாவில் காத்திருந்த கல்லூரிப் பிள்ளைகள், முன்பணம் கொடுத்த பட்டறை முதலாளி அண்ணன், உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பிசியோதெரபி மேடம், பாப்பா உட்காரவே பதினான்கு மாதம் ஆனது. வாரம் இரண்டு நாள் ஒரு பந்தை வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போது மாடிப்படி ஏறுகிறாள். இடது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும்.

அங்கன்வாடி டீச்சர், பாப்பா தலை சாய்ந்து தூங்கினால்கூட ஒருமுறை எழுப்பிப் பார்ப்பீர்களே, அது எனக்கு எவ்வளவு தைரியம் கொடுத்தது என்று இதுவரை சொன்னதில்லை.

அக்கா, தம்பி அடுத்த வருடம் பத்தாவதுதானே? பரீட்சை முடிந்ததும் ஒரு போன் செய்யுங்கள். நாங்கள் மூன்று பேரும் அத்தையும் வீட்டுக்கு வருகிறோம்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா