எங்கள் வீட்டுக் குழாய்க்கு ஐம்பது ஆண்டு தவணை வேண்டாம்: சிகாகோ மாநகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேயர் அவர்களுக்கும், மாநகர மன்றத்தின் ஐம்பது உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் நகரின் வடமேற்குப் பகுதியில், 1920-களில் கட்டப்பட்ட இரண்டு அடுக்கு வீடொன்றின் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். ஆறு மாதக் கைக்குழந்தையின் தாய். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் காரீயம், சுருக்கமாக ஈயம், என்னும் நச்சு உலோகத்தால் ஆனது. இத்தகைய குழாய்களை மாற்ற நீங்கள் வகுத்திருக்கும் திட்டம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இழுக்கிறது என்பதாலேயே இதை எழுதுகிறேன். இந்த மடலின் ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் படித்துவிட்டுத் தங்கள் வட்டார உறுப்பினரிடம் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதைத் தமிழிலும் வெளியிடுகிறேன்.

பிரசவம் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மா, வந்த மறுநாள் காலையில் முதல் வேலையாக ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி எனக்கென்று தனியே எடுத்து வைத்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கிருமியைப் பொறுத்தவரை அது மிகச் சரியான வழக்கம். ஆனால் காரீயம் கொதித்தால் சாவதில்லை. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, ஈயம் பாத்திரத்திலேயே தங்கி, மிஞ்சிய தண்ணீரில் அதன் அடர்த்தி கூடிவிடுகிறது. இரவு முழுவதும் குழாய்க்குள் தேங்கி நின்ற தண்ணீரை விடியற்காலையில் முதல் ஆளாகப் பிடித்துக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார் என் அம்மா. அன்பினால் செய்த அந்தக் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அப்போது இது தெரியாது.

தெரிந்தது, கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் என்னை நிலவறைக்கு அழைத்துப்போன அன்றுதான். எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பெரியவர் கையில் ஒரு காசும், குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் ஒரு காந்தமும் வைத்திருந்தார். சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து மீட்டரில் சேரும் அந்தக் குழாய் மங்கிய சாம்பல் நிறத்தில், முனையில் வெங்காயம்போல் புடைத்திருந்தது. காந்தம் ஒட்டவில்லை. காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டியதும் அந்த இடம் வெள்ளியைப்போல் பளபளத்தது. “இதுதான்,” என்றார் அவர். மாடிக்கு வந்து சொன்னபோது அம்மா, “ஈயந்தானே? நம்ம வீட்ல ஈயச் சொம்புலதானே ரசம் வைக்கிறோம்?” என்று கேட்டார். அந்தச் சொம்பு வெள்ளீயம், இந்தக் குழாய் காரீயம், பெயர்தான் பாதி ஒன்று, குணம் முற்றிலும் வேறு என்று விளக்கிச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை யாராவது எழுதிச் சொல்ல வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

அந்தக் குழாயை அங்கே வைத்தவர் வீட்டுக்காரர் அல்லர். வைக்கச் சொன்னது இந்த நகரத்தின் சட்டம். தெருவின் பெரிய குழாயிலிருந்து சிறிய வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் இணைப்புக் குழாய் ஈயத்தால்தான் இருக்க வேண்டும் என்று சிகாகோவின் கட்டட விதிகள் கட்டாயப்படுத்தின. வேறு பல நகரங்கள் அதைக் கைவிட்டு நெடுங்காலம் ஆன பின்னும் சிகாகோ கைவிடவில்லை. 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி நாடு முழுவதும் தடை விதித்த பிறகே இங்கே அது நின்றது. இந்த நாட்டிலேயே மிக அதிகமாக, சுமார் 4 லட்சம் ஈய இணைப்புக் குழாய்கள் சிகாகோவின் மண்ணுக்கடியில் இருப்பதற்குக் காரணம் இதுதான். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வீடு கட்டியவரிடமும் அதை அவருக்குப் பின் வாங்கியவரிடமும், “குழாய் உன் சொத்து, மாற்றும் செலவும் உன்னுடையது” என்று இன்று சொல்வது எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும்போது தண்ணீரில் ஈயம் இல்லை என்று நகரம் சொல்வது உண்மை. மிச்சிகன் ஏரியின் தண்ணீர் நல்ல தண்ணீர். ஜார்டின் நிலையமும் சாயர் நிலையமும் அதைச் சுத்தமாகவே அனுப்புகின்றன. குழாயின் உட்புறத்தில் படலம் கட்டி ஈயம் கரையாமல் தடுப்பதற்காக பாஸ்பேட் என்னும் வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் படலத்தை நம்பி எவ்வளவு காலம் குழந்தைகளை வளர்ப்பது? 2014 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றியபோது இத்தகைய அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்க்காமல் விட்டது. அந்த ஒரு பிழையால் பழைய குழாய்கள் உதிர்த்த ஈயத்தைக் குழந்தைகள் மாதக்கணக்கில் குடித்தார்கள். சிகாகோ அந்தப் பிழையைச் செய்யவில்லை. எனினும், படலம் உடைவதற்கு அவ்வளவு பெரிய பிழை தேவையில்லை. கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் இதே சிகாகோ வீடுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, மீட்டர் பொருத்துதல், தெருவைத் தோண்டுதல் போன்ற வேலைகளால் அசைக்கப்பட்ட குழாய்களிலிருந்து அதிக ஈயம் வெளியேறுவதைக் காட்டியது. அதே காலத்தில்தான் இந்த நகரம் பெருங்கடன் வாங்கித் தெருத்தெருவாகப் பெரிய குழாய்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. பள்ளம் திறந்திருந்தது, ஆட்கள் நின்றிருந்தார்கள், இயந்திரம் இருந்தது. அப்படியிருந்தும் புதிய பெரிய குழாயில் அதே பழைய ஈயக் குழாயை மீண்டும் பொருத்திவிட்டு மண்ணை மூடினார்கள். இந்த மடலில் நான் கேட்பவற்றுள் பாதியை அப்போதே செய்திருக்கலாம் என்பதை நினைக்கும்போது மனம் ஆறவில்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த எங்கள் இல்லினாய் மாநிலச் சட்டம் இப்படிப் பாதியில் விடுவதைத் தடுத்திருக்கிறது.

வீட்டுக்காரர், நகரம் இலவசமாகத் தரும் புட்டிகளில் தண்ணீர் பிடித்து அனுப்பியபோது, முடிவு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் என்று வந்தது. 15-க்குக் கீழேதானே என்று அவர் நிம்மதி அடைந்தார். 15 என்பது, தண்ணீர் வழங்கும் அமைப்பு எப்போது நடவடிக்கையில் இறங்க வேண்டும் என்பதற்காக 1991-இல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த கணக்கு. அது குழந்தையின் உடம்புக்காக வகுத்த கணக்கு அன்று. அதே முகமை குடிநீரில் ஈயத்துக்கு வைத்திருக்கும் நல இலக்கு பூஜ்யம். உட்கொண்ட ஈயத்தில் பெரியவர்களின் உடல் உறிஞ்சுவதைப்போல் நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. புட்டிப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு வேறு உணவே இல்லை; அதைக் கரைக்கும் தண்ணீரில் ஈயம் இருந்தால் தப்ப வழியில்லை. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, சிகாகோவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 68 விழுக்காட்டினர் ஈயம் கலந்த குழாய்த் தண்ணீருக்கு ஆட்பட்டிருப்பதாக மதிப்பிட்டது. கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் மிகுதியாக வாழும் பகுதிகளில் பரிசோதனை குறைவாகவே நடந்திருக்கிறது என்பதையும் அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

இனி உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் இறுதி செய்யப்பட்ட கூட்டாட்சி விதி, ஈயக் குழாய்களை மாற்றி முடிக்கப் பெரும்பாலான நகரங்களுக்குப் பத்து ஆண்டுகளும், குழாய்களின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால் சிகாகோவுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளும் கொடுத்தது. நகரம் வகுத்த திட்டமோ 2027 முதல் ஆண்டுக்கு 8,300 குழாய்கள் என்று கணக்கிட்டு, 2076-இல்தான் முடிகிறது. அன்று என் மகளுக்கு ஐம்பது வயது.

நியூ ஜெர்சியில் நியூவர்க் என்று ஒரு நகரம் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 3 லட்சம், அதாவது சிகாகோவில் ஒன்பதில் ஒரு பங்குதான். செல்வச் செழிப்புள்ள நகரமும் அன்று. 2019-இல் வேலையைத் தொடங்கி, மூன்று ஆண்டுகளுக்குள் 23,000 குழாய்களுக்கு மேல் மாற்றி முடித்தது. ஆண்டுக்குச் சராசரியாக 8,000 என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சின்ன நகரம் ஓராண்டில் செய்ததைத்தான் 27 லட்சம் பேர் வாழும் சிகாகோ தன் ஆண்டு இலக்காக எழுதி வைத்திருக்கிறது. நியூவர்க் இதைச் சாதித்த விதத்தை நீங்கள் அருகிலிருந்து பார்க்க வேண்டும். நியூவர்க் அடங்கிய எசெக்ஸ் மாவட்டம் 12 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டுக் கைகொடுத்தது. வீட்டுக்காரரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை. வீட்டில் குடியிருப்பவர் கதவைத் திறந்தாலே வேலையைத் தொடங்கலாம் என்று நகர மன்றம் சட்டம் இயற்றிக்கொடுத்தது. விண்ணப்பம் போட்டவர் வீடு, போடாதவர் வீடு என்று தாண்டித் தாண்டிச் செல்லாமல் தெருவின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடித்தார்கள்.

இங்கே எங்கள் நிலை என்ன? 2020-இல் அறிவித்த உதவித் திட்டம் குறைந்த வருமானமுடைய, சொந்த வீட்டில் வசிப்பவர்களுக்கானது. வாடகைக்கு இருக்கும் நான் விண்ணப்பிக்கவே முடியாது. என் வீட்டுக்காரருக்கோ அந்த வரம்புக்குச் சற்று மேலான ஓய்வூதியம். தாமாக மாற்றிக்கொள்பவருக்கு நகரம் அனுமதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. ஆனால் வேலைக்கு ஆகும் செலவு 30,000 டாலர் வரை போகிறது. அவ்வளவு தொகையை அந்தப் பெரியவர் எங்கிருந்து புரட்டுவார்? புரட்டினாலும் அது என் வாடகையில்தானே வந்து விழும்?

பணம் இல்லை என்பதுதான் உங்கள் பதிலாக இருக்கும். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாக் குழாய்களையும் மாற்ற 1,200 கோடி டாலர் ஆகும் என்பது நகரத்தின் கணக்கு. 2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் சேர்த்து ஒதுக்கியதோ 1,500 கோடி. முதலில் 4,500 கோடி என்று முன்மொழிந்துவிட்டுப் பின்னர் மூன்றில் ஒன்றாகக் குறைத்தார்கள். அந்த ஒதுக்கீடும் 2026 நிதியாண்டோடு முடிகிறது. ஆகவே இல்லினாயிலிருந்து வாஷிங்டன் சென்றிருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இந்த மன்றம் ஒருமித்த தீர்மானமாகவே கேட்க வேண்டும்: ஒதுக்கீடு தொடர வேண்டும், அதைக் கடனாக இல்லாமல் மானியமாகத் தர வேண்டும், குழாய்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிட வேண்டும். 2023-இல் கூட்டாட்சி முகமை 30,000 குழாய்கள் வரை மாற்ற உங்களுக்கு அளித்த 33.6 கோடி டாலர் கடனில் இதுவரை எவ்வளவு எடுத்தீர்கள், எத்தனை குழாய்கள் மாறின என்பதை மாதந்தோறும் வட்டாரவாரியாக வெளியிடுங்கள். ஒரு குழாய்க்கு ஆகும் செலவையும் குறைக்க முடியும். ஒரு வீட்டுக்காக ஒரு நாள் தெருவை அடைத்து, தோண்டி, மூடி, பிறகு ஆறு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்கு அதே இயந்திரத்தை மீண்டும் கொண்டுவந்தால் செலவு ஏறத்தான் செய்யும். ஒரே தெருவில் முப்பது வீடுகளை ஒருசேர எடுத்தால் அப்படி ஏறாது. கழிவு ஏரியில் கலந்து குடிநீரைக் கெடுக்கிறது என்பதற்காக 1900-இல் ஓர் ஆற்றையே எதிர்த்திசையில் ஓடவைத்த ஊர் இது. வேலை பெரிது என்ற காரணம் அன்று இந்த நகரத்தைத் தடுக்கவில்லை.

மாற்றும் நாள் வரும்வரை எங்களுக்கு வடிகட்டி வேண்டும். ஈயத்தை நீக்கும் சான்று பெற்ற வடிகட்டிகளையும், அவற்றில் காலம் தவறாமல் மாற்ற வேண்டிய வடிகட்டும் பாகங்களையும், கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இருக்கும் வீடுகளுக்கும் குழந்தைக் காப்பகங்களுக்கும், வாடகை வீடா சொந்த வீடா என்று பாராமல், வருமானச் சான்று கேளாமல் கொடுங்கள். தெருக்களின் வரிசையை முடிவு செய்யும்போதும் இந்தக் குழந்தைகள் அதிகமுள்ள தெற்கு, மேற்குப் பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். எங்கள் தெருவின் முறை அதற்குப் பிறகு வந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஈயக் குழாய் உள்ள வீடுகளுக்கு விதிப்படி அனுப்ப வேண்டிய அறிவிப்பில், கொதிக்க வைத்தால் ஈயம் போகாது என்ற ஒரு வரியை இந்நகரத்தில் பேசப்படும் எல்லா மொழிகளிலும் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். தமிழ் வரியை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தின் மீது பொதுமக்கள் பேசும் நாளில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும், கைத்தடியோடு எங்கள் வீட்டுக்காரரும் மன்றத்துக்கு வருகிறோம். 8,300 என்ற எண்ணுக்குப் பதிலாக நீங்கள் எந்த எண்ணை எழுதப் போகிறீர்கள், அதற்கான பணத்தை எந்தத் தலைப்பில் ஒதுக்கப் போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அன்று விடை தாருங்கள்.

இப்படிக்கு,
வடமேற்கு சிகாகோவில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தாய்