ராத்திரி 9 மணி யோகா வகுப்புக்கு ஒரு கூரை போட உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் மூன்று வருஷமாக நாங்கள் நடத்தி வரும் இலவச யோகா வகுப்பு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பனியன் கம்பெனி விட்டு வருகிறவர்களுக்காக ராத்திரி 9 மணிக்கு நடக்கிற வகுப்பு என்று சொன்னால் இன்னும் சிலருக்கு ஞாபகம் வரும். இத்தனை நாளும் வகுப்பு நடந்தது ஒரு நூல் குடோனில். அதன் உரிமையாளர் வாடகையாக ஒரு ரூபாய் வாங்கியதில்லை, கரண்ட் பில்லையும் அவரே கட்டினார். இப்போது தொழிலுக்கு அந்த இடம் தேவைப்படுகிறது, தை பிறந்ததும் காலி செய்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்பது முழுக்க நியாயம். அதனால்தான் சொந்தமாக ஒரு கூரை போட முடிவு செய்து உங்களிடம் வந்திருக்கிறோம்.

ஊரில் யோகா வகுப்புக்குக் குறைவில்லையே, இன்னொன்று எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலான வகுப்புகள் காலை 6 மணிக்கு நடக்கின்றன. அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் குழாயடியிலோ அடுப்படியிலோ நிற்பார்கள். 8.30-க்குக் கம்பெனிக்குள் போனால், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வெளியே வர ராத்திரி 8.30 ஆகிவிடும். அவர்களுக்கு நேரம் அப்போதுதான், வகுப்பும் அப்போதுதான் இருக்க வேண்டும். பாத்திரப் பட்டறைக்காரர்களுக்கு விடிகாலை 5 மணி, வீட்டில் இருப்பவர்களுக்கும் வயசானவர்களுக்கும் காலை 10.30, பீகார், ஒடிசா பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை இந்தியில் ஒரு வகுப்பு என்று மற்ற வகுப்புகளின் நேரத்தையும் இப்படித்தான் வைத்தோம்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாறு வருஷமாக ஓவர்லாக் தைக்கிறவர். முதல் நாள் நேராக நில்லுங்கள் என்றதும் நின்றார், ஆனால் உடம்பின் பாரம் முழுக்க இடது காலில் இருந்தது, வலது கால் பெடலை மிதிக்கிற மாதிரியே கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றது. அது அவருக்கே தெரியவில்லை. எங்கள் ஆசிரியை கீழே உட்கார்ந்து அந்தப் பாதத்தைக் கையால் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்து வைத்தார். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான், இரண்டு காலிலும் சமமாக நிற்பது. அதைப் பழகவே மூன்று வாரம் ஆனது.

பட்டறையிலிருந்து வருகிற அண்ணன் ஒருவருக்குப் பித்தளைத் தகட்டை வருஷக்கணக்காகத் தட்டித் தட்டி வலது கை விரல்கள் முழுசாக விரியாது. உள்ளங்கையைத் தரையில் பதிக்க முடியாததால் பூனை மாதிரி கையும் முட்டியும் ஊன்றிச் செய்கிற மார்ஜரி ஆசனத்தை அவர் முஷ்டியை ஊன்றித்தான் செய்கிறார். புத்தகத்தில் அப்படி இல்லை, சரி, அவருக்கு அதுதான் வருகிறது.

ஆளுக்கு ஏற்ற மாதிரி யோகாவை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மைசூர் அரண்மனையில் கற்றுக்கொடுத்துவிட்டுப் பிறகு சென்னைக்கு வந்த யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் மாணவரின் வயசு, உடம்பு, வேலை பார்த்துத்தான் பயிற்சி கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் என்கிற பயிற்சி நிலையமும் அதே வழியில் போனது. கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் நாற்காலி, கயிறு, மரக்கட்டை எல்லாம் வைத்துக் கற்றுக்கொடுத்தார். நம் பக்கம் ஆழியாறு எல்லோருக்கும் தெரியும். அங்கே அறிவுத்திருக்கோயில் என்கிற யோக மையத்தைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், வேலைக்குப் போகிறவர்களும் செய்கிற மாதிரி எளிய முறை உடற்பயிற்சியை அமைத்தார். குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிற உடம்பு எப்படி வலிக்கும் என்பது தறிக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? அதனால் நாங்கள் புதுசாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, இருக்கிற நல்ல வழியைப் பட்டறை வாசல் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறோம்.

சேலையோடு வரலாம். தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே எல்லாம் செய்யலாம். தூய்மைப் பணியாளர்களும், பஸ் கண்டக்டரும், ரிட்டயர்டு வாத்தியாரும், இரண்டு கம்பெனி முதலாளிகளும் பக்கத்துப் பக்கத்து விரிப்பில்தான் படுக்கிறார்கள். எல்லா மதத்துக்காரர்களும் வருவதால் மந்திரம் சொல்லச் சொல்வதில்லை, ஒரு நிமிஷம் கண்ணை மூடி மூச்சைக் கவனித்துத் தொடங்குவோம். அப்புறம் ஒன்று, நோய் தீரும் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்துகிறேன் என்று சொல்கிறவரை டாக்டரிடம் அனுப்பிவிடுவோம். பிரஷர் இருப்பவருக்கும் கண்ணில் நீர் அழுத்தம் இருப்பவருக்கும் தலைகீழ் ஆசனம் கிடையாது, கர்ப்பிணிகளுக்குத் தனிப் பயிற்சி.

9 மணி வகுப்பில் கடைசிப் பத்து நிமிஷம் சவாசனம். விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் எங்காவது ஒரு மூலையில் குறட்டை கேட்கும். யாரையும் தட்டி எழுப்ப மாட்டோம். பத்து மணிக்கு ஒரே ஒரு விளக்கைப் போடுவோம், அவரவர் எழுந்து போவார்கள். நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு பெரிசு என்பதை மூன்று வருஷமாகக் கண்ணால் பார்க்கிறோம். அது நின்றுவிடக் கூடாது.

இப்போது கணக்கு. பட்டறைக் குடும்பம் ஒன்று 5 சென்ட் இடத்தை 15 வருஷத்துக்குக் குத்தகை இல்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறது, பத்திரமும் பதிவாகிவிட்டது. அதில் 30-க்கு 40 அடியில் இரும்புத் தூண் நிறுத்தித் தகரக் கூரை போட 4,20,000 ரூபாய். தரைக்கு 1,10,000. பெண்கள் உடை மாற்ற ஒரு தடுப்பும் இரண்டு கழிப்பறையும் 1,40,000. (இதை மிச்சம் பிடிக்கலாமே என்று கமிட்டியிலேயே ஒருவர் சொன்னார், வேலை விட்டு நேராக ஒன்பது மணி வகுப்புக்கு வருகிற பெண்களிடம் கேட்டுப் பார்த்த பிறகு அவரே முதல் ஆளாக அதற்குப் பணம் கொடுத்தார்.) ஃபேன், விளக்கு 45,000. கை இல்லாத இரும்பு நாற்காலி 30-க்கு 33,000. பிளாஸ்டிக் பாய் வியர்வையில் வழுக்குகிறது, சீக்கிரம் கிழிந்தும் போகிறது, அதனால் பவானி ஜமக்காளம் 60 வாங்குகிறோம், 30,000. ஆக மொத்தம் 7,78,000 ரூபாய். இதுவரை கையில் இருப்பது 2,31,000. இன்னும் 5,47,000 வேண்டும்.

500 ரூபாய் கொடுத்தால் ஒரு ஜமக்காளம், 1,100 கொடுத்தால் ஒரு நாற்காலி, 350 கொடுத்தால் ஒரு சதுர அடிக் கூரை. பணமாக முடியாதவர்கள் வேலையாகக் கொடுக்கலாம். வெல்டிங் தெரிந்த இரண்டு பேர் கூலி வேண்டாம் என்று ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள், எலக்ட்ரீஷியனும் கொத்தனாரும் இன்னும் தேவை. மீதியான சிமெண்ட், டைல்ஸ் இருந்தால் சொல்லுங்கள், வண்டி வைத்து வந்து எடுத்துக்கொள்கிறோம். யார் பெயரையும் கல்வெட்டில் போடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம், நன்கொடை கொடுப்பவர்களுக்கு வருமான வரிவிலக்கு வாங்கித் தருகிற அனுமதியும் எங்களுக்கு இல்லை. இரண்டையும் முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் முறை. வரவு செலவு மாதம் பிறந்ததும் வகுப்புச் சுவரில் ஒட்டப்படும், பில்லோடு.

ஐப்பசி மழைக்கு முன்னால் தூண் நிறுத்தியாக வேண்டும், அதனால் ஆவணிக்குள் பணம் சேர்ந்தால் நல்லது. சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்று ராத்திரி 8.30-லிருந்து குடோன் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு மேஜை போட்டு உட்கார்ந்திருப்போம். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு.