ஆழம் கூடினால் தண்ணீர் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை வறட்சியைச் சமாளிக்க, வற்றிய ஆழ்துளைக் கிணறுகளை இன்னும் ஆழப்படுத்த அரசு மானியம் தர வேண்டும் என்று ஒரு வாசகர் இப்பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய கஷ்டம் புரிகிறது. ஆனால் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரு மறுப்பு சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழகத்தின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறை. மேலே மண், அதற்குக் கீழே மொரம்பும் சிதைந்த பாறையும். மழைநீர் இறங்கித் தங்குவது பெரும்பாலும் இங்கேதான். மண் சரியாமல் இருக்க கேசிங் பைப் இறக்குவதும் இது முடிகிற வரைதான். அப்புறம் கெட்டிப்பாறை. அதில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர், 'கேப்' என்போம். கேப் விழுந்தால் சேறும் தண்ணீருமாகப் பீய்ச்சி அடிக்கும். விழாவிட்டால் ஆயிரம் அடி வரைக்கும் வெள்ளைப் புகைதான், அதாவது வெறும் பாறைத்தூள். கீழே போகப் போக, மேலிருக்கும் பாறையின் பாரத்தில் வெடிப்புகள் இறுகிக் குறைந்துவிடும். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆயிரம் அடியில் நல்ல தண்ணீர் கிடைத்ததே இல்லை என்று சொல்லவில்லை. கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த வெடிப்பு பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றோடு சேர்ந்ததாக இருந்தால் அவருடைய தண்ணீர் இங்கே வந்துவிடும். அப்படி இல்லையென்றால், பல காலமாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர். இரண்டு இஞ்ச் அளவுக்குத் தண்ணீர் கொட்டிய போர் சில வருடத்தில் விட்டுவிட்டு ஓட ஆரம்பிக்கும். மழை இறக்கிவிடாத தண்ணீர் எதுவும் பாறைக்குள் புதிதாக ஊறுவதில்லை.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் 250 அடி என்றால் ஆழமான போர். இப்போது நாமக்கல், கோவை, திருப்பூர் பக்கம் ஆயிரம் அடியைத் தாண்டுவது சாதாரணம். அடிக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலி, ஆழம் போகப் போக நூறு அடிக்கு ஒரு தரம் ஏறும் என்பது போர் போட்டவர்களுக்குத் தெரியும். ஆக, ஊரில் நீர்மட்டம் இறங்க இறங்க எங்கள் வருமானம் ஏறியது. கூப்பிட்டார்கள், போனோம். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். மோட்டாருக்குக் களைப்பு கிடையாது, 1990-லிருந்து கரண்ட் பில்லும் கிடையாது. (இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் தம்பியும் விவசாயிதான்.)

2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மாநிலத்தின் 1,166 பிர்காக்களில் (வட்டத்துக்குள் வரும் வருவாய்ப் பிரிவு) 435, ஊறுவதை விட அதிகமாக உறிஞ்சுகிற பட்டியலில் இருந்தன.

இப்படியே போனால் சமூகமே சரிந்துவிடும் என்று மேடையில் பேசுகிறார்கள். எப்படிச் சரியும் என்று தெரிய வேண்டுமானால், 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்களே, அந்த வருடம் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வந்திருக்க வேண்டும். தென்னையைக் காப்பாற்ற லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். ஒரு போர் புகைந்தால் இரண்டாவது. நகையை அடகு வைத்து மூன்றாவது. எல்லோரும் ஒரே சமயத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டினால் என்ன விலை கிடைக்கும்? பையன்கள் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். 1,200 அடிக்குச் செலவழிக்க முடிந்தவர் மட்டும் வெள்ளாமை வைத்தார். மானியம் கொடுத்தாலும் மீதிச் செலவைப் போட முடிந்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். அவர் போர் ஆழமானால் பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறு வற்றும்.

மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் ஹிவரே பஜார் என்று ஒரு ஊர். மழை நம்மில் பாதிகூட இல்லை, ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர். 1990-களில் போபட்ராவ் பவார் ஊர்த் தலைவராக இருந்தபோது பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று கிராம சபையில் முடிவு செய்தார்கள். குன்றுகளில் வரப்பு வெட்டி மழைநீரைத் தேக்கினார்கள். ஒவ்வொரு வருடமும் பெய்த மழையைக் கணக்குப் பார்த்து, குடிக்க எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு என்று ஒதுக்கிய பிறகுதான் என்ன பயிர் வைப்பது என்று பேசுவார்கள். அங்கே பாசனத்துக்குக் கிடைப்பது திறந்த கிணற்றுத் தண்ணீர்தான். ரிக்காரனே புகழ்கிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

நம்மிடம் 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று வந்தது. நடைமுறைக்கே வராமல் 2013-இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். போர் போட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்ற 2015-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அது குழந்தைகள் குழியில் விழாமல் இருப்பதற்கானது; தேவையானதுதான். ஆனால் அந்த ஊரில் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. அந்த அனுமதிச் சீட்டிலேயே ஊரின் நீர்மட்டம் போன சித்திரையில் எத்தனை அடி, இந்தச் சித்திரையில் எத்தனை அடி என்று எழுதட்டும். இறங்கியிருந்தால் குடிநீருக்கு மட்டும் அனுமதி. மானியப் பணத்தை ஏரி, குட்டை தூர்வாரவும், புகைந்த போர்களில் மழைநீரை வடிகட்டி இறக்கவும் கொடுக்கலாம்.

ரிக் உரிமையாளர்கள் எதிர்ப்பார்கள். வண்டியில் இருந்த காலத்தில் கேட்டிருந்தால் நானும் எதிர்த்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரிக் டிரில்லர்,
திருச்செங்கோடு வட்டம்.