பொங்கலுக்கு வராத பிள்ளைக்கு

தம்பி,

அப்பா கொண்டுவரும் டிஃபன் கேரியரில் மேல் தட்டில் சர்க்கரைப் பொங்கல், கீழே நெத்திலி சம்பால். பொங்கலன்று சைவம், அதனால் நெத்திலியை இன்று காலைதான் வறுத்தேன். சூடு ஆறுவதற்குள் சாப்பிடு. இந்த வருடம் லிட்டில் இந்தியா கேம்பல் லேனில் கரும்பு வாங்கி நானும் அப்பாவும்தான் எம்ஆர்டி ரயிலில் தூக்கி வந்தோம். நீ இல்லாமல் இதுதான் முதல் பொங்கல், தேசிய சேவையில் இருந்தபோதுகூட லீவு கேட்டு வந்தாயே.

சரி. யுனிவர்சிட்டி ரிசல்ட் என்ன என்று கேட்க இதை எழுதவில்லை. டிசம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது என்று எதிர் வீட்டு ஆன்ட்டி சொன்னார். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் மாமா மகளிடம் பேசினேன், கோபப்படாதே. அவள் வங்கியில் புதிதாக வருகிறவர்களை இன்டர்வியூ எடுப்பது அவள்தானே. நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவியும்போது சில இடங்களில் ஜிபிஏ, அதாவது மார்க் சராசரி, பார்த்து முதலிலேயே கழித்துவிடுவார்களாம், அதை அவள் மறைக்கவில்லை. ஐந்துக்கு 4.5 எடுத்து ஆக மேலான ஹானர்ஸ் வாங்கும் பிள்ளைகளுக்கு அந்த முதல் கட்டம் சுலபம்தான். ஆனால் அதைத் தாண்டினால் கோடிங் டெஸ்ட், அங்கே மார்க்கை யாரும் கேட்பதில்லையாம், எழுதிய புரோகிராம் ஓடுகிறதா, ஏன் அப்படி எழுதினாய், அவ்வளவுதான். இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டால் ஜிபிஏ பேச்சே வராதாம். அதனால் இன்டர்ன்ஷிப்பை விட்டுவிடாதே. நன்றாகச் செய்தால் அங்கேயே வேலை கொடுப்பதும் உண்டு. டேட்டா ஸ்டிரக்சர்ஸ், அல்காரிதம்ஸ் இரண்டிலும் குறைந்திருந்தால் திரும்ப உட்கார்ந்து படி, மார்க்குக்காக இல்லை, இன்டர்வியூவில் கேட்பதே அதைத்தான். பாட்டிக்கு மாத்திரை நேரம் சொல்ல நீ செய்த ஆப்பை, புரோகிராம்களை எல்லாரும் பார்க்கப் போடும் அந்த கிட்ஹப் தளத்தில் போட்டாயா? அதை நான் எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறேன் தெரியுமா. இன்டர்ன்ஷிப்புக்கு எழுதிப் போடு, தம்பி.

ஒரு நிமிடம் போன் செய்ய முடியாதா உனக்கு? மூன்று வாரமாக 'பிஸிமா' என்று ஒரே வார்த்தை.

இதை எழுதும்போதே 2013 ஞாபகம் வருகிறது. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் ரிசல்ட் தாளை நீ நீட்டினாய், நான் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்தேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டு சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாய், தெரிந்தும் நான் திரும்பவில்லை, சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எந்த ரிசல்டையும் நீயாக வந்து காட்டியதில்லை, நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அப்படி நடந்துகொண்டேன். மன்னித்துவிடு அய்யா.

ஞாயிற்றுக்கிழமை வா. மார்க் பற்றி நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டுப் போ. கேரியரை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிடாதே, நீயே கொண்டுவா.

அம்மா