சைக்கிளை எங்கே விடுகிறாய் என்று கேட்டிருந்தீர்கள்

மெல்பர்ன்,
ஆடி மாதம், இரண்டாம் வெள்ளி.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நான் நலம். அப்பா கைப்பட எழுதிய கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. கைப்பேசியில் பேசும்போதெல்லாம் சாப்பாடு, குளிர் என்ற இரண்டு விசாரிப்புகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்கிறேன் என்பது உறையின் மேல் அந்தச் சாய்வான கையெழுத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். கம்பளி உள்ளாடை வாங்கிவிட்டேன். இங்கே இப்போது நடுக் குளிர்காலம். மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். காய்ச்சல் ஒன்றும் இல்லை.

இனி அப்பாவின் கேள்வி. "டிராமில் வேலைக்குப் போவதாகச் சொல்கிறாய், சைக்கிளிலும் போவதாகச் சொல்கிறாய், சைக்கிளை எங்கே விடுகிறாய்?" என்று எழுதியிருந்தீர்கள். தண்டையார்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்குப் பணி ஓய்வு பெறும்வரை ஹெர்குலிஸ் மிதித்தவர் இதைத்தான் கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் எடுத்த படங்களைப் பார்த்த வேறு யாருக்கும் இது தோன்றவில்லை.

நான் இருப்பது ஊருக்கு வடக்கே, கோபர்க் என்ற பகுதியையும் தாண்டி. வடக்குக் கோபர்க்கில் புறப்படும் 19ஆம் எண் டிராம் சிட்னி ரோடு வழியாக நேர் தெற்கே இறங்கி, பெரிய மருத்துவமனைகளையும் பல்கலைக்கழகத்தையும் தொட்டுக்கொண்டு நகர நடுவிலுள்ள ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையம்வரை போகிறது. என் வேலையிடம் அந்த மருத்துவமனைகளின் பக்கம் இருப்பதால் ரயிலைவிட டிராம்தான் வசதி. ஆனால் வீட்டிலிருந்து டிராம் புறப்படும் இடத்துக்கு நடந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பேருந்து எப்போதோ ஒன்று வரும், இரவுப் பணி முடிந்து திரும்பும்போது அதுவும் இருக்காது. அந்த இடைவெளிக்குத்தான் சைக்கிள்.

சைக்கிளை டிராமுக்குள்ளேயே ஏற்றிவிடலாமே என்று தம்பி கேட்பான். ரயிலில் ஏற்றலாம், டிராமில் முழுச் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மடக்கிக் கையில் எடுத்துப் போகிற சிறிய சைக்கிள் என்றால் மட்டும் விடுவார்கள். நானும் கடையில் ஒன்றைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. இருக்கிற வண்டியே உடற்பயிற்சிக்கு நல்லது என்பதால் வாங்கவில்லை.

ஆகவே வண்டியை விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். நிறுத்தங்களின் பக்கத்து நடைபாதையில் அங்கங்கே இரும்பு வளையங்களை நட்டிருக்கிறார்கள். காசு கிடையாது, காவலும் கிடையாது. முன் சக்கரத்தை மட்டும் வளையத்தோடு பூட்டிவிட்டுப் போனவர்களின் கதி என்ன என்பதை ஒவ்வொரு வாரமும் கண்ணால் பார்க்கிறேன்: பூட்டும் சக்கரமும் அப்படியே நிற்கின்றன, வண்டி இல்லை. சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர்கூடத் தேவையில்லாதபடி இங்குள்ள சைக்கிள்களிலேயே ஒரு நெம்புகோல் வைத்திருக்கிறார்கள். சீட்டுக்கும் அதே ஏற்பாடு. கம்பிவடப் பூட்டைப் பெரிய வெட்டுக் கத்தரியால் நொடியில் துண்டித்துவிடலாம் என்பதால் கெட்டியான இரும்பு லாடப் பூட்டு வேண்டும். அதைப் பின் சக்கரத்தையும் சட்டகத்தையும் வளையத்தையும் சேர்த்துப் போட்டு, முன் சக்கரத்துக்குத் தனியாக ஒரு வடம் கோத்து, சீட்டை உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு சில காலம் டிராம் ஏறினேன். நம் ஊர் வண்டியில் பின் சக்கரத்தோடு இருக்கும் வட்டப் பூட்டை ஒரு தட்டுத் தட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிற உங்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல மாற்று பிறகுதான் தெரியவந்தது. இங்குள்ள ரயில் நிலையங்கள் பலவற்றில் 'பார்க்கிட்டீர்' என்ற பெயரில், கூரை போட்டு நாற்புறமும் கம்பிவலை அடித்த சைக்கிள் கூண்டுகள் இருக்கின்றன. முன்பே பதிவு செய்தவர்களுக்குத்தான் கதவு திறக்கும். உள்ளேயும் பூட்டியே ஆக வேண்டும். பதிவு செய்தவர் எல்லோரும் நல்லவர் என்று யார் சொன்னது? இருந்தாலும் வழியில் போகிறவன் கை வைக்க முடியாது, மழையில் சங்கிலி துருப்பிடிக்காது. என் வருத்தமெல்லாம் இந்தக் கூண்டுகளை டிராம் நிறுத்தங்களில் வைக்கவில்லையே என்பதுதான். சுமார் 250 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டு, உலகிலேயே பெரிய டிராம் வலையமைப்பு எங்களுடையது என்று பெருமை பேசுகிற ஊர், டிராம் ஏறுகிறவனுக்கும் சைக்கிள் இருக்கலாம் என்பதை நினைக்கவில்லை. ஆகவே டிராம் புறப்படும் இடத்தில் நிற்காமல், ரயில் பாதையை ஒட்டிப் போகும் சைக்கிள் தடத்தில் இன்னும் கொஞ்ச தூரம் மிதித்து, ஒரு ரயில் நிலையக் கூண்டில் வண்டியை விட்டு, அங்கிருந்து சிட்னி ரோட்டுக்கு நடந்து டிராம் பிடிக்கிறேன். சுற்றுவழிதான், ஆனால் வேலை நேரத்தில் வண்டியைப் பற்றிய நினைப்பே வருவதில்லை.

சிட்னி ரோட்டில் சைக்கிள் ஓட்டாமல் தப்பிப்பதும் இதில் ஒரு லாபம். குறுகலான சாலை, நடுவே தண்டவாளம், ஓரத்தில் வரிசையாகக் கார்கள். தண்டவாளப் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கினால் ஆள் கீழேதான். அதைக் குறுக்காகவே கடக்க வேண்டும், மழை நாளில் இரும்பு வழுக்கும். நிறுத்தத்தில் டிராம் நின்று கதவு திறந்திருந்தால் சைக்கிள்காரனும் பின்னால் நின்றாக வேண்டும், அது சட்டம். தலைக்கவசமும் அப்படியே, 1990இலேயே சைக்கிளுக்குக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அம்மா பயப்பட வேண்டாம், நான் அணியாமல் ஏறுவதில்லை.

மவுண்ட் ரோட்டிலும் பாரிமுனையிலும் டிராம் ஓடியதைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறோம். 1895இல் தொடங்கிய மதராஸ் டிராம் 1953இல் நின்றுபோயிற்று; இவர்கள் நிறுத்தாமல் வைத்துக்கொண்டார்கள். தாத்தா இருந்திருந்தால் இந்த மணிச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பியிருப்பேன்.

பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன் அல்லவா? என் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி எனக்குத் தெரியாது, ஆங்கிலம் இருவருக்கும் அவசரத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வண்டியைத் திருப்பிப் போடு என்று கை காட்டுவார்; போட்டால் சங்கிலியை விரலால் தடவிப் பார்த்து, போதாது என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் எண்ணெய்க் குப்பியோடு வருவார். பிறகு ஒரு பாட்டில் தக்காளிச் சாறு தருவார். அதில் ரசம் வைத்தேன், பரவாயில்லை. என்னோடு அறையில் இருந்த இருவரும் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டதால் வீடு இப்போது அமைதியாக இருக்கிறது, படிப்பதற்கு வசதி.

நம் ரயில்வே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டு ஞாபகம் வருகிறது, அப்பா. சீட்டில் சாக்பீஸால் எண் எழுதி, பாதி அட்டையை ஹாண்டில்பாரில் கட்டி, மீதியைக் கையில் கொடுப்பாரே, அவர் உங்கள் வண்டியை மட்டும் அட்டையைக் கேட்காமலே எடுத்துத் தள்ளி விடுவார். கடைசி ரயிலில் வந்தால், "ஏன் சார், இன்னிக்கு இவ்ளோ நேரம்?" என்பார். இங்கே நள்ளிரவில் கூண்டுக் கதவு திறக்கிறது, மூடிக்கொள்கிறது. வண்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. நேற்று அந்த நேரத்தில், வீட்டுக்கு மிதித்துப் போக மனமில்லாமல் உள்ளேயே கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியிருப்பார்கள், அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பாள் என்று நினைத்தபோது என்னால் முடியவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

மீன்பிடித் தடை ஜூன் 14ஆம் தேதியோடு முடிந்ததே, காசிமேட்டில் வஞ்சிரம் விலை இறங்கியதா?

பெரியப்பாவோடு வீட்டுப் பாகம் பேசியதாக எழுதியிருந்தீர்கள். பூர்விகச் சொத்து என்பதால் பிள்ளைகளின் கையெழுத்தும் வேண்டும் என்று வக்கீல் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நான் வர வேண்டியதில்லை. இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் தம்பி பெயருக்குப் பவர் எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும் என்பதால், பெரியப்பா முடிவாகச் சம்மதம் சொன்ன பிறகு நான் அனுப்புவதே நல்லது. அதற்குள் தம்பி வில்லங்கச் சான்றை எடுத்து வைக்கட்டும். பின்கட்டு யாருக்கு என்பதில் காலாடிப்பேட்டை அத்தையைக் கலக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். பிறகு தங்கை கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

மாடி ஒழுகலை ஐப்பசிக்கு முன் அடைத்தாக வேண்டும். கொத்தனாருக்கு முன்பணம் இந்த மாதம் பாதியும் அடுத்த மாதம் பாதியுமாக அனுப்புகிறேன். வங்கியில் ஏதோ நடைமுறை மாறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. ஹெர்குலிஸைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று தம்பி சொல்கிறானாம். போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பவரில் எழுத வேண்டிய சர்வே எண்ணையும் கதவு எண்ணையும் பழைய பத்திரத்தில் உள்ளபடியே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வரி ரசீதில் இருப்பது தப்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்