முரளிக்கு: அர்ஜுன் காரின் இன்சூரன்ஸ் பற்றி

டேய் முரளி,

மெயில் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மைதிலிக்கு முழங்கால் இப்போது தேவலை. பட்டாபி இன்னும் போனை எடுப்பதில்லை, எடுத்தால்தான் அதிசயம். நலம் விசாரித்தாயிற்று.

கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். "அடுத்த மாதம் கப்பல் கிளம்புகிறது, ஆறேழு மாதம் அர்ஜுன் காரைத் தொடப்போவதில்லை, இன்சூரன்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டேன்." நிறுத்தாதே. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படி.

நேவியில் இருக்கிற உன் பையன் குடித்துவிட்டு ஓட்டி சான்டியேகோவில் மாட்டினானே, அதற்காக கலிபோர்னியாவில் வண்டியையும் லைசென்ஸையும் பார்த்துக்கொள்கிற அரசு அலுவலகமான டி.எம்.வி. அவனிடம் எஸ்.ஆர்.22 கேட்கிறது. நீ நினைப்பதுபோல அது தனியாக ஒரு இன்சூரன்ஸ் இல்லை. "இவனிடம் சட்டம் கேட்கிற லயபிலிட்டி (இவனால் அடுத்தவருக்கு ஆகிற நஷ்டத்துக்கான) பாலிசி நடப்பில் இருக்கிறது" என்று கம்பெனி டி.எம்.வி.க்குக் கொடுக்கிற சான்று, அவ்வளவுதான். தாக்கல் செய்ய சுமார் 25 டாலர்தான் ஆகும். அந்தச் சான்று மூன்று வருஷம் ஒரு நாள்கூட விடாமல் இருக்க வேண்டும். பாலிசி நின்ற உடனே கம்பெனி டி.எம்.வி.க்கு ரத்து அறிவிப்பு அனுப்பும். அனுப்பியே ஆகவேண்டும், அது சட்டம். லைசென்ஸ் மறுபடி சஸ்பெண்ட். பையன் நடுக்கடலில் இருக்கும்போது டி.எம்.வி. கடிதம் உன் வீட்டு மேஜையில் கிடக்கும். காரை ஓட்டினானா இல்லையா என்பது அவர்களுக்குத் தேவையே இல்லாத விஷயம். சில மாநிலங்களில் வருஷக் கணக்கையே முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. கப்பலில் போகிறேன் என்று சொன்னால், ராணுவத்தாருக்கு விற்கிற கம்பெனிகள் அன்பாக "ஸ்டோரேஜ் கவரேஜ்" தருகிறோம் என்பார்கள். திருட்டு, தீ, மரம் விழுவது இதற்கு மட்டும் காப்பீடு, பிரீமியம் நிறையக் குறையும். மற்ற மாலுமிகளுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் அதில் லயபிலிட்டி போய்விடும், அதோடு எஸ்.ஆர்.22வும் போய்விடும். போனில் பேசுகிற பெண்ணுக்கு அவன் ஃபைலில் அது இருப்பது கண்ணில் படாமல் போகலாம், அவனேதான் சொல்லவேண்டும். மிச்சம் பிடிக்கணும் என்றால் மோதலில் அவன் காருக்கே ஆகிற சேதத்துக்கான கொலிஷனை எடுத்துவிடு, ஆனால் காரில் கடன் பாக்கி இருந்தால் பேங்க் அதற்கும் ஒப்பாது. லயபிலிட்டியில் மட்டும் கை வைக்காதே. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சம் 30,000 / 60,000 / 15,000 டாலர்: ஒருவர் காயத்துக்கு, ஒரு விபத்தின் மொத்தக் காயங்களுக்கு, அடுத்தவர் பொருள் சேதத்துக்கு என்ற வரிசையில். பழைய 15 / 30 / 5 ஆயிரம் கணக்கு செல்லாது.

காரை விற்றுவிடலாம் என்றால் இன்னும் சுலபம். சொந்தக் கார் இல்லாதவர்களுக்கான நான்-ஓனர் பாலிசி ஒன்று உண்டு, அதிலும் எஸ்.ஆர்.22 தாக்கல் செய்யலாம், விலையும் மலிவு. புது பாலிசியின் தாக்கல் டி.எம்.வி.யில் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் பழையதை நிறுத்தச் சொல். நடுவில் ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் வினைதான். அவன் பெயர், லைசென்ஸ் எண் இரண்டும் லைசென்ஸில் இருப்பது போலவே இருக்கவேண்டும். நம் ஆட்கள் பெயரில் இனிஷியலும் அப்பா பெயரும் முன்னும் பின்னும் மாறி நிற்பது உனக்குத் தெரியாதா.

பணம் கட்டுவதை டெபிட் கார்டில் விடாதே. கார்டு காலாவதி ஆனால், பேங்க் புதுசு அனுப்பினால், மாதத் தவணை திரும்பிவிடும். அவன் மெயில் பார்ப்பதற்குள் பாலிசி போய்விடும். ஆறு மாதத்துக்கும் மொத்தமாகக் கட்டச் சொல். கிளம்புமுன் அவன் நேவி பேஸில் (தளத்தில்) இருக்கிற லீகல் ஆபீசுக்குப் போய், இன்சூரன்ஸ், டி.எம்.வி. இரண்டுக்கும் மட்டும் அவன் சார்பில் நீ பேச அதிகாரம் தருகிற ஸ்பெஷல் பவர் ஆஃப் அட்டர்னி உன் பெயரில் எழுதித் தரட்டும், இலவசம். அது இல்லாமல் நீ போன் செய்தால் ஒருத்தரும் உன்னோடு பேச மாட்டார்கள், அப்பா என்று எவ்வளவு சொன்னாலும்.

ஊதிப் பார்த்து, குடித்திருந்தால் காரைக் கிளம்பவிடாத இன்டர்லாக் கருவி மாட்டியிருக்கிறதா? அதை 60 நாளைக்கு ஒருமுறை சரிபார்க்கவேண்டும். நிறுத்திவைத்த காரில் அது பேட்டரியையும் உறிஞ்சிவிடும். கருவி மாட்டிய கடைக்காரரிடமும் டி.எம்.வி.யிடமும் பேசாமல் கழற்றினால் வேறு தலைவலி.

வர்ஜீனியாவில் இருக்கிற நார்ஃபோக்குக்கு மாற்றல் வரும் என்கிறாய். மாறினாலும் எஸ்.ஆர்.22 கலிபோர்னியாவுக்கே போகவேண்டும், தண்டித்த மாநிலம் விடாது. பாலிசியோ வர்ஜீனியா கேட்கிற 50 / 100 / 25 ஆயிரம் டாலர் அளவில் இருக்கவேண்டும். கலிபோர்னியாவுக்குத் தாக்கல் செய்ய அனுமதி இருக்கிற கம்பெனியா என்று முதலிலேயே கேள். எல்லா கம்பெனியும் செய்வதில்லை.

பிரீமியம் ஏன் இவ்வளவு ஏறியது என்று புலம்பியிருக்கிறாய். 1988-இல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப்போட்டுக் கொண்டுவந்த ப்ராப்பசிஷன் 103 என்ற சட்டத்தின்படி நல்ல ஓட்டுநருக்கு 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றவனுக்கு அது பத்து வருஷம் கிடையாது. அதற்குமேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கை ஏற்றும். யாருமே எடுக்க மாட்டேன் என்றால் கடைசிப் படி, அப்படிப்பட்டவர்களைக் கம்பெனிகளுக்குப் பங்கிட்டு விடுகிற கலிபோர்னியாவின் அசைன்ட் ரிஸ்க் திட்டம். நாலு கம்பெனியில் விலை கேள். வித்தியாசம் பார்த்தால் மயங்கிவிடுவாய். விலை கேட்கும்போது தண்டனையை மறைக்கச் சொல்லாதே. டி.எம்.வி. ரெக்கார்டில் ஒரு நொடியில் தெரிந்துவிடும், பாலிசியும் செல்லாமல் போகலாம்.

பையனைத் திட்டிக்கொண்டே இருக்காதே, முரளி. பேஸுக்குள் ஓட்டும் உரிமை ஒரு வருஷம் போயிற்று, கமாண்டிடம் தலைகுனிந்தாயிற்று, செக்யூரிட்டி கிளியரன்ஸிலும் கேட்பார்கள். இத்தனைக்கும் நடுவில் உன்னிடம் உண்மையைச் சொன்னானே, அதைப் பார். ஹாஸ்டலில் நாம் மாட்டியபோது வார்டனிடம் நீ என்ன சொன்னாய் என்று அவனிடம் நான் சொல்லவா?

ஒன்று மட்டும் உடனே பதில் போடு: காரின் டைட்டில் (உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது, உன் பெயரிலா அவன் பெயரிலா? அவன் இன்னும் உன் ஹூஸ்டன் பாலிசியில் ஓட்டுநராக இருக்கிறானா? இருந்தால் உன் பிரீமியமும் சேர்ந்து ஏறும். அவனை விலக்கப்பட்ட ஓட்டுநர் என்று போட்டுவிட்டாலோ அந்த பாலிசியில் அவனுக்கு எஸ்.ஆர்.22 கிடைக்காது. எப்படிப் பிரிப்பது என்பதை இது தெரிந்தபிறகுதான் சொல்லமுடியும்.

உன்
சேகர்